மேலே வந்த குறிப்பு

குரு தும்மினால்கூடக் குறித்துவைக்கிற ஆள் செங்கோடன். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரு அமுதவல்லியோ வயதில் ரொம்ப இளையவர். அதனால் என்ன, செங்கோடன் அவரை "அம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

நாமக்கல்லில் ஒரு மாடி அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களிடம் அமுதவல்லி பேசுவார். அவர் சொல்வதையெல்லாம் செங்கோடன் உடனுக்குடன் லேப்டாப்பில் ஏற்றிவிடுவார். அதுவும் கண்ட கம்பெனிக்காரன் இடத்தில் இல்லை. தன் வீட்டு பீரோ மேலேயே ஒரு குட்டி சர்வர் கம்ப்யூட்டரை வைத்து, குறிப்பு எழுதும் சாஃப்ட்வேரைத் தானே போட்டு, ஒரு குறிப்பிலிருந்து இன்னொன்றுக்கு லிங்க் கொடுத்து வைத்திருந்தார்.

"என்னைத் தவிர ஒரு பய உள்ளே எட்டிப் பார்க்க முடியாதும்மா" என்பார். வந்தவர்களின் பெயரைக்கூட எழுதமாட்டார். அந்தரங்கமாம். பெருமை தாங்காது மனுஷனுக்கு.

"இவ்வளவு எழுதி என்னண்ணா பண்ணப் போறீங்க?"

"நீங்க இல்லாத நாளுக்கு ஆகும்மா."

அந்த நாள் சீக்கிரமே வந்தது. ஒரு ஞாயிறு காலை அமுதவல்லி செருப்பை மாட்டிக்கொண்டார். "கேஸ் சிலிண்டர் வருதாம். வீட்டுல ஆள் இல்லை. வாங்கி வச்சுட்டு வந்துடறேன். அதுவரைக்கும் நீங்க உட்காருங்கண்ணா."

செங்கோடன் கொஞ்சம் தயங்கினார். ஆனாலும் உட்கார்ந்தார். லேப்டாப்தான் இருக்கிறதே.

முதலில் வந்தவர் நல்லம்மாள். மகன் சண்டை போட்டுக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டானாம். போனை எடுப்பதே இல்லையாம்.

"நான் நேர்ல போய்க் கூப்பிடட்டுங்களா? இல்லை, அவனா வரட்டும்னு இருக்கட்டுங்களா? நீங்க சொல்றபடி செய்யறேனுங்க."

செங்கோடன் 'மகன்', 'கோபம்' என்று தட்டினார். கண் மூடித் திறப்பதற்குள் ஒரு குறிப்பு மேலே வந்து நின்றது. அப்படியே வாசித்தார். "நீங்க போகாதீங்க. கதவைத் திறந்து வச்சுக் காத்திருங்க."

"இது அம்மா சொன்னதுங்களா?"

"அவங்க வாயால சொன்னதுங்க."

நல்லம்மாள் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

செங்கோடனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடடா, பட்ட பாடெல்லாம் வீண்போகவில்லை! அந்தச் சந்தோஷத்தில் திரையைக் கொஞ்சம் கீழே தள்ளினார்.

அங்கே இன்னொரு குறிப்பு. "உடனே போங்க. அவன் முகத்தைப் பாருங்க."

அதற்குக் கீழே இன்னொன்று. "போங்க. ஆனா வான்னு கூப்பிடாதீங்க."

அவருக்குத் தலை கிறுகிறுத்தது. எல்லாமே அம்மா சொன்னவை. எல்லாமே தன் கையால் எழுதியவை. சரி, லிங்க்கைப் பிடித்துப் போய்ப் பார்ப்போம் என்று போனார். ஒன்று 'பொறுமை'க்குக் கொண்டுபோனது. அங்கிருந்து 'பயம்'. பயத்திலிருந்து எங்கெங்கோ சுற்றிவிட்டு மறுபடி 'மகன்' என்றே கொண்டுவந்து விட்டது. பழையது சரியா, புதியது சரியா? புதியதை மேலே காட்டுவது சாஃப்ட்வேரின் வழக்கம், அவ்வளவுதான். மேலே இருந்த ஒரே காரணத்துக்காக அல்லவா அதை வாசித்துத் தொலைத்தோம்? ஐயையோ, அந்த மனுஷி சொன்னபடியே செய்துவிடுவாரே! மகன் அங்கேயே இருந்துவிட்டால்?

அமுதவல்லி திரும்பி வந்தபோது அவர் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். நடந்ததைக் கொட்டித் தீர்த்தார்.

"இதுல எதும்மா சரி? சொல்லுங்க, மத்ததை அழிச்சுடறேன்."

அமுதவல்லி நின்றபடியே படித்தார். "எல்லாம் நான் சொன்னதுதான்."

"அதுதாம்மா குழப்பமே! எதை யாருக்குச் சொன்னீங்க?"

"நீங்களும் கூடத்தானே இருந்தீங்க?"

"நான் எழுதிக்கிட்டிருந்தேன்மா."

அமுதவல்லி சிரிக்கவில்லை. "இன்னைக்கு வந்தாங்களே, அவங்க எப்படி இருந்தாங்க?"

செங்கோடன் யோசித்தார். தட்டிய எழுத்துகள் ஞாபகம் இருந்தன. முகம் வரவில்லை.

"அழுதாங்களா?"

"தெரியலைம்மா."

அமுதவல்லி பாயின் ஓரத்தைக் காட்டினார். "அது யாரோட பை?"

அங்கே வாய் திறந்த ஒரு கட்டைப்பை இருந்தது. செங்கோடன் அதை அப்போதுதான் பார்த்தார். மேலாக ஒரு டப்பா நிறைய அதிரசம். இஸ்திரி போட்ட ஆம்பளைச் சட்டை ஒன்று. அதற்கடியில் மாற்றுப் புடவையும் பல் விளக்கும் பிரஷ்ஷும்.

அவர் அந்தச் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். "ஓசூருக்குக் கிளம்பியே வந்திருக்காங்க."

"கீழே ஸ்டாப்புலதான் நிக்கறாங்க. வரும்போது பார்த்தேன். வீட்டுக்குத் திரும்பிப் போக டவுன் பஸ்ஸுக்கு நிக்கறாங்க."

செங்கோடன் ஒரு கையில் பையைத் தூக்கினார். இன்னொரு கை தானாக லேப்டாப்பை எடுத்துக்கொண்டது. படி வரைக்கும் ஓடியவர் அங்கேயே நின்றுவிட்டார். போங்க, போகாதீங்க, காத்திருங்க என்று எல்லாம் ஒன்றாகத் தலைக்குள் இரைந்தன.

"அம்மா, போய் அவங்ககிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

அமுதவல்லி வந்து லேப்டாப்பை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். பையைக் கையில குடுங்க."