பார்க்காத பந்து

ஆறுமுகநயினாருக்கு ஒரே ஓர் ஆசைதான். ஓர் உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் நடுவராக நின்று விசில் ஊத வேண்டும். தூத்துக்குடியில் தொடங்கி நாடு நாடாகக் கூடைப்பந்து மைதானங்களில் ஓடி ஓடி முழங்கால் தேய்ந்துவிட்டது. இப்போது வந்திருக்கும் இந்த உலகப் போட்டிதான் கடைசி என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவியும் சொல்லிவிட்டாள். டாக்டர் பேச்சையாவது தட்டலாம்.

அவர் விசில் ஊதிய அரையிறுதி முடிந்த மறுநாள் காலை, ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் ஜோஸ்லின் டீச்சரைத் தேடிப் போனார்.

டீச்சர் வயதில் இளையவர். ஆனாலும் ஆறுமுகநயினாருக்கு விசில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இங்கே வந்திருக்கும் நடுவர்கள் அனைவருக்கும் இப்போது அவரே பயிற்சியாளர். இறுதி ஆட்டத்துக்கு எந்த மூன்று பேர் என்று சொல்ல வேண்டியவரும் அவரே.

"சாப்டீங்களா அண்ணாச்சி?"

"பசிக்கல டீச்சர். ஃபைனலுக்கு யாருன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

டீச்சர் ஒரு நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்.

"நேத்து கடைசிப் பந்து எப்படி விழுந்துச்சு? சொல்லுங்க, கேப்போம்."

ஆறுமுகநயினாரின் முகம் மலர்ந்துவிட்டது.

"அதை ஏன் கேக்கீங்க! அந்த ஒல்லிப் பையன் மூலையில நின்னு எறிஞ்சான். வளையத்துல ஒரு சுத்து சுத்துச்சு. விழவா வேண்டாமான்னு யோசிச்சுட்டு நின்னுச்சு. பெறகு மெதுவா உள்ள இறங்குச்சு பாருங்க, உடம்பெல்லாம் சிலிர்த்துட்டு."

"அந்த மூலை யாரு பங்கு?"

"கொரியாக்காரர் பங்கு."

"உங்க பங்குல என்ன நடந்துச்சு?"

ஆறுமுகநயினாரின் கை மேசை விரிப்புக்குப் போனது.

நடுவர் மூவரும் மைதானத்தை மூன்றாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருவர் பேசும் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆட்டத்துக்கு முன் ஒருவரை ஒருவர் கண்ணால் பார்த்துத் தலையசைப்பதுதான் ஒப்பந்தம். பந்து ஒருவர் பங்கில் இருக்கும்போது மற்ற இருவர் அதைப் பார்க்கக் கூடாது. பந்து இல்லாத இடத்தில் யார் யாரை இடிக்கிறான் என்றுதான் பார்க்க வேண்டும்.

"உங்க பங்குல ஒரு பையனுக்கு முழங்கை வாயில பட்டு ரெண்டு பல்லு போச்சு," என்றார் டீச்சர். "இடிச்சது யாருன்னு மூணு பேருல ஒருத்தரும் பாக்கல. மத்த ரெண்டு பேரு பாக்காதது சரி. உங்களை நம்பித்தான் அவங்க அந்தப் பக்கம் திரும்பல."

ஆறுமுகநயினார் மேசை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஃபைனலுக்கு உங்க பேரைச் சொல்லல அண்ணாச்சி."

அவர் விரிப்பிலிருந்து கையை எடுத்தார்.

"கூட்டமெல்லாம் எழுந்து நின்னு கத்தும் டீச்சர். நான் மட்டும் எவன் காலை மிதிக்கான், எவன் சட்டையை இழுக்கான்னு பாத்துக்கிட்டு நிப்பேன். வீட்டுக்குப் போனா புள்ளைங்க ஆசையா கேக்கும், 'அப்பா, அந்தப் பந்து விழுந்ததைப் பாத்தீங்களா'ன்னு. இத்தனை வருசத்துல ஒரு தடவைகூட ஆமான்னு சொன்னதில்ல. ஒரே ஒரு பந்து. அதைப் பாக்கணும்னு ஏங்கிப் போயிட்டேன்."

டீச்சர் ஒரு கோப்பைத் தேநீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நீங்க ஃபைனல் ஊதினவங்க," என்றார் ஆறுமுகநயினார். குரலில் கொஞ்சம் கோபமும் இருந்தது. "கடைசி நொடியில பாதி மைதானத்துக்கு அந்தப் பக்கம் நின்னு ஒருத்தி எறிஞ்சு ஜெயிச்சாளே. இன்னமும் அதைப் பேசுதாங்க. அது எப்படி விழுந்துச்சு? நீங்க சொல்லுங்க."

"தெரியாது. எனக்கு முன்னால ரெண்டு பேரு முட்டிக்கிட்டு நின்னாங்க. ஒருத்தி மத்தவளோட இடுப்பைப் பிடிச்சிருந்தா."

"அன்னைக்குப் பாக்கல, சரி. பெறகு வீடியோவுல போட்டுப் பாத்திருப்பீங்கல்லா?"

டீச்சர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எத்தனையோ தடவை போட்டுட்டேன். அவ பந்தை எறிஞ்சதும் என் கண்ணு தானா அந்த ரெண்டு பேருகிட்ட போயிருது. இன்னும் பாக்கல அண்ணாச்சி."