அக்கரையில் கேட்ட முரசு

ஆற்றுக்கு இக்கரையெல்லாம் தனதென்று முன்னொரு காலத்தில் மாறவேள் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். காலையில் ஒருவனுக்கு யானையைப் பரிசளித்துவிட்டு, மாலையில் மனம் மாறிப் பிடுங்கிக்கொள்ளும் குணம் அவனுக்கு.

அவன் அக்கரை நாட்டோடு போரிட்டு வென்றான். அந்தக் கால வழக்கப்படி அவர்களுடைய காவல்மரமான புன்னையை வெட்டிவந்து முரசு செய்தான். அந்த மரத்தடியில்தான் அக்கரைக்காரர்கள் பிள்ளைகளுக்குப் பேர் வைப்பார்கள். தினமும் காலையில் முரசு அரண்மனை வாசலில் முழங்கும். ஆற்றின் மேல் காற்று அதைச் சுமந்துபோகும்.

வென்றும் ஒரு குறை. பிடிபட்ட இக்கரை வீரர்கள் இன்னும் அக்கரைச் சிறையில் இருந்தார்கள். பொன் தருகிறேன், மாடு தருகிறேன் என்று அரசன் பேசிப் பார்த்தான். அக்கரைத் தூதர் கீரந்தை வருவார். காலை விருந்தில் உட்காருவார். முரசு முழங்கியதும் இலையை மூடிவிட்டுப் போய்விடுவார்.

"திமிர்," என்றான் படைத்தலைவன் கடுமான். அமைச்சர் அழிசியின் மேல் அவனுக்கு வெகுநாள் எரிச்சல். "நம் அமைச்சர் பேசியே எதிரியைத் தூங்க வைத்துவிடுவார் அரசே. பிறகு நாம் போய்க் கட்டித் தூக்கிவரலாம்."

அவை சிரித்தது. அரசன் சிரிக்கவில்லை. பௌர்ணமிக்குள் வீரர்கள் திரும்பாவிட்டால் படை கிளம்பும் என்று சொல்லிவிட்டான். படை கிளம்பினால் சிறையில் இருப்பவர்கள் உயிர் மிஞ்சாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அழிசி நிதானமாக எழுந்தார்.

"வெற்றிமுரசை வென்றவன் வாசலில் நின்று கேட்டு என்ன பயன் அரசே? தோற்றவன் தெருவில் நின்றல்லவா கேட்க வேண்டும்?"

அரசனுக்கு வாயெல்லாம் பல். மறுநாள் விடியலில் அரசனும் அமைச்சரும் கடுமானும் வணிகர் வேடத்தில் அக்கரைத் தெருவில் நின்றார்கள்.

முரசு முழங்கியது.

தயிர் கடைந்த கை நின்றது. ஏர் பூட்டியவன் நுகத்தை இறக்கினான். அழுத குழந்தையை ஒருத்தி மார்போடு அணைத்துக்கொண்டாள். தெரு முழுவதும் அசையாமல் நின்றது. இவ்வளவு பெரிய மௌனத்தை அரசன் தன் அவையில்கூடக் கண்டதில்லை.

பக்கத்தில் நின்ற பெண் மெல்லச் சொன்னாள்: "தோள்துண்டை எடுங்கய்யா. எங்க மரத்தைத் தூக்கிட்டுப் போறாங்க."

"அது வெட்டி வருஷமாயிற்றே அம்மா?" என்றான் அரசன்.

"ஆமா. தினமும்ல தூக்குறாங்க."

அரசன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். திரும்பிப் பார்த்தால் கடுமானும் கட்டியிருந்தான். முரசு ஓய்ந்த பிறகுதான் வீடுகளில் அடுப்பு புகைந்தது. பிணம் எடுக்குமுன் யார் சாப்பிடுவார்கள்? கீரந்தை ஏன் இலையை மூடினார் என்பது அரசனுக்கு அப்போது விளங்கியது.

படகில் அரசன் கேட்டான்: "உமக்கு முன்பே தெரியுமா?"

"இலையை மூடி எழுந்ததும் தூதர் துண்டை இடுப்பில் கட்டியதைப் பார்த்திருந்தேன்."

"அவையிலேயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் காதில் விழும் அரசே. அவ்வளவுதான்."

மறுநாள் முரசு முழங்கவில்லை. அரசன் அதை மூங்கில் பாடையில் ஏற்றச் சொன்னான். முன்னால் அவனும் கடுமானும், பின்னால் அழிசி மட்டும். பாடை ஒருபக்கம் சாய்ந்தது.

"நாலாவது தோளுக்கு யாரையாவது கூப்பிடட்டுமா?" என்றான் கடுமான்.

"அது நம்மிடம் இல்லை," என்றான் அரசன்.

தள்ளாடியபடியே அக்கரையில் இறங்கினார்கள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கல்கூட விழவில்லை. கூட்டத்திலிருந்து கீரந்தை வந்தார். யாரையும் பார்க்காமல் காலியிடத்தில் குனிந்து தோள் கொடுத்தார். பாடை நிமிர்ந்தது.

வெட்டுண்ட அடிமரத்தருகே முரசைப் புதைத்தார்கள். அரசன் தன் வீரர்களைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. இழவுக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாது என்று கீரந்தை பந்தி போட்டார். முதல் இலையில் அழிசியை உட்காரவைத்துவிட்டு அரசன் இரண்டாவதில் உட்கார்ந்தான். கடுமான் தலைகுனிந்து தானாகவே கடைசி இலைக்குப் போனான்.

போய் உட்கார்ந்து பக்கத்தில் திரும்பினான். அங்கே சிறையிலிருந்து வந்த அவனுடைய வீரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லோரும் சாப்பிட்டார்கள்.