ராணிக் கலர்த் தோணி

"என் கண்ணுல என்ன குறை கண்டீங்க, வாத்தியாரம்மா?" என்று கேட்டார் பவுன்ராசு.

தோணிக்கு வர்ணம் பூசக் கற்றுக்கொள்ள வந்தவர் அவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கற்றுக்கொடுக்கும் எழிலிக்கு அதில் பாதிதான் இருக்கும். இளைய குருவுக்குக் கிழச் சீடர் என்பது தட்சிணாமூர்த்தி காலத்திலிருந்து நடக்கிற சங்கதி, சிரிக்க ஒன்றுமில்லை.

ஏரிக்கரையில் பழைய மரத்தோணி ஒன்று செப்பனிடக் கிடந்தது. அதன் ஆதி நிறத்தை அப்படியே பிடித்துவிட்டால் முழுத் தோணிக்கும் வர்ணம் பூசுகிற வேலை பவுன்ராசு கைக்கு வரும். இல்லையென்றால் அவர் வந்த வழியே கும்பகோணத்துக்குப் பஸ் ஏறிவிடுவார். இதை எழிலி சொல்லவில்லை. அவரேதான் ஊரறியச் சொல்லி வைத்திருந்தார். ரோஷக்காரர்.

"எங்கே தேடினீங்க ஐயா?"

"வெயில் தின்ன பக்கத்தைப் பார்க்க நான் என்ன பச்சப் புள்ளையா? கயிறு கட்டுற வளையத்தைக் கழட்டினேன். அதுக்கு அடியில வெயிலே படலை. அங்கே இருந்துச்சு."

"என்ன கலர்?"

பவுன்ராசு குரலைத் தணித்துக்கொண்டார்.

"ராணிக் கலர். கண்ணைப் பறிக்கிற ரோஸ்."

எழிலி அவர் வர்ணம் கலக்கிய கிண்ணத்தில் விரலைத் தோய்த்தாள். வளையம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்தாள்.

"கறுப்பு எவ்வளவு விட்டீங்க?"

அவர் திகைத்துப் போனார். ஆனால் தலை குனியவில்லை.

"ஒரே ஒரு சொட்டு. பட்டுக்குச் சாயம் போட்ட கை இது, வாத்தியாரம்மா. கல்யாணப் புடவையைக்கூட கொஞ்சம் அடக்கித்தான் போடுவோம். இது மீன்பிடிக்கிற தோணி. ராணிக் கலரை அப்படியே விட்டா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?"

"அந்த ஒரு சொட்டைத் தவிர அச்சாப் பிடிச்சிருக்கீங்க."

"ஒரு சொட்டுக்காகவா பஸ் ஏறணும்?"

எழிலி ஒரு தூரிகையை எடுத்து அவரிடம் நீட்டினாள். தோணியின் ஒரு பக்கத்தில் பாதிக்கு அவர் கலக்கியதைப் பூசச் சொன்னாள். மறு பாதிக்குக் கறுப்பு விடாமல் கலக்கிப் பூசச் சொன்னாள். காய்ந்ததும் அந்தப் பக்கம் ஏரியைப் பார்த்திருக்கும்படி தோணியைத் திருப்பி வைத்தாள்.

பிறகு வேறொரு படகைத் தண்ணீரில் தள்ளினாள்.

"ஏறுங்க."

நடு ஏரிக்கு வந்ததும், "அந்தத் தோணி யாரோடது தெரியுமா?" என்று கேட்டாள்.

"யாரோ மீன்காரங்களோடது."

"ஒரு காலத்துல இங்கே ஓடின தோணி எல்லாமே எதிர்க்கரைப் பெரிய வீட்டோடது. அவங்களுக்குக் கூலிக்குத் துடுப்புப் போட்ட நாலு குடும்பம் சேர்ந்து, முதமுதலா சொந்தமா வாங்கி, தாங்களே கலரும் பூசினது அது."

"ம்" என்றார் பவுன்ராசு. அவர் நினைப்பெல்லாம் பஸ்ஸில் இருந்தது.

படகு எதிர்க்கரைப் படித்துறையில் முட்டி நின்றது. கருங்கல் படிகள். அவர் கடகடவென்று ஏறி, மேல்படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

அவர் அடக்கிப் பூசிய பாதி, கரையின் சேற்றோடும் மர நிழலோடும் சேர்ந்து காணாமல் போயிருந்தது. மறு பாதி மட்டும் அத்தனை தூரத்திலும் பளிச்சென்று தெரிந்தது.

"எப்படி இருக்கு ஐயா?" எழிலி படகை விட்டு இறங்கவில்லை.

"சொன்னா கேக்குறீங்களா? கண்ணைக் குத்துது."

"யார் வீட்டுப் படியில நின்னு சொல்றீங்க?"

பவுன்ராசு குனிந்து காலடியைப் பார்த்தார். தலையைத் திருப்பி, முதுகுக்குப் பின்னால் ஓங்கி நின்ற பெரிய வீட்டைப் பார்த்தார். அதன் அத்தனை சன்னல்களும் ஏரியைப் பார்த்து இருந்தன.

மறுபடி தோணி கிடந்த கரையைப் பார்த்தார். இம்முறை நெடுநேரம் பார்த்தார். அது அவர் கையால் கலந்த நிறம். பார்க்கப் பார்க்க நெஞ்சு நிமிர்ந்தது.

"குத்தட்டும்" என்றார்.