வேப்பிலை கட்டிய வாசல்

மலையடி மடத்துச் சாமியாருக்கு வயது நாற்பத்தைந்து. சீடர் குத்தாலிங்கத்துக்கு அறுபத்தெட்டு. பக்கத்து ஊரான ஆலடிக்குளத்தில் இருபது வருஷம் நாட்டாமையாக இருந்து, ஒருத்தரையும் எதிரே உட்காரவிடாத மனிதர், இப்போது மடத்து முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அதுவும் நொண்டி நொண்டி. காலில் முள் குத்திய புண் ஒரு மாதமாக ஆறவில்லை.

ஒரு நாள் காலை, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டார்.

"சாமி, ஊர் ஒத்துமையா இருக்கது நல்லதுதான?"

"நல்லதுதான்."

"அப்பம் எனக்கு ஏன் மனசு அடங்க மாட்டங்கு?"

சாமியார் ஒரு மணையை நகர்த்திப் போட்டார். குத்தாலிங்கம் உட்கார்ந்தார்.

"நாலு வருசத்துக்கு முன்ன ஊர்ல விசக்காய்ச்சல். சின்ன ஆஸ்பத்திரி எஸ்தர் நர்சம்மா வீடு வீடாப் போயி மாத்திரை குடுத்தாவ. அந்தம்மா கால் பட்ட வீட்டுக்கெல்லாம் காய்ச்சல் வருதுன்னு எவனோ கிளப்பிவிட்டான். ஊர் கூடுச்சு. ஒருத்தன்கூட மறுத்துப் பேசல. அப்படி ஒரு ஒத்துமைய நான் கோயில் கொடைத் திருவிழாவுலகூடப் பார்த்ததில்ல."

"என்ன செஞ்சீங்க?"

"ஆஸ்பத்திரி வாசல்ல வேப்பிலை கட்டினோம்."

அந்தப் பக்கத்து வழக்கம் அது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். கட்டிவிட்டால் வெளியாள் யாரும் அந்தப் படியை மிதிக்க மாட்டார்கள். கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும். ஆனால் நோயே இல்லாத இடத்தில், அதுவும் நோய்க்கு மருந்து தருகிற இடத்தில், வேப்பிலை கட்டிய புத்திசாலித்தனம் ஆலடிக்குளத்துக்கு மட்டுமே உண்டு.

"கட்டினது யாரு?"

"ஊரு."

"யாரு கை?"

குத்தாலிங்கம் தன் கையைப் பார்த்தார். "என் கைதான்."

"அப்புறம்?"

"மூணாம் நாள் எம் பொஞ்சாதி செண்பகவடிவுக்குக் காய்ச்சல். நர்சம்மா எப்படியோ தெரிஞ்சி வந்து கதவத் தட்டினாவ. 'அண்ணாச்சி, தெறங்க'ன்னாவ. படுத்துக் கெடந்தவளும் 'தெறங்க'ன்னா. நான் தாப்பாளப் புடிச்சிக்கிட்டு நின்னேன். நாட்டாமையே தெறந்தா ஊர்க்கட்டு என்னாகும்? ரொம்ப நேரம் தட்டிட்டுப் போயிட்டாவ."

குத்தாலிங்கம் புண் காலை நீட்டி வைத்துக்கொண்டார்.

"அஞ்சாம் நாள் அவ போய்ச் சேர்ந்தா. அன்னைக்குத்தான் தெரு ஜன்னலத் தெறந்தேன். வெளித் திட்டுல ஒரு மாத்திரைப் பொட்டலம். மழையில நனைஞ்சி கரைஞ்சி கெடந்துச்சு."

திறந்திருக்கலாமே என்ற நினைப்பு நாலு வருஷமாக அவரைத் தின்றுகொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நர்சம்மா இப்ப எங்க?"

"அங்கனதான் இருக்காவ. காஞ்ச வேப்பிலைக்குக் கீழ குனிஞ்சி போயிட்டு வாராவ. ஒருத்தரும் படி மிதிக்கல. தலைவலி மாத்திரைக்கும் ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்ல நின்னு டவுனுக்குப் பஸ் ஏறுதாங்க. ஆளே வராத ஆஸ்பத்திரி எதுக்குன்னு மாசக் கடைசியில மூடப் போறாங்களாம், நேத்துதான் சேதி வந்துச்சு. காய்ச்சல் வேற மறுபடியும் ஆரம்பிச்சிருக்கு." கைகூப்பினார். "எனக்குக் காவி குடுங்க சாமி. இங்கயே கெடந்து அழுது கழிச்சிருதேன்."

"ஓடைக்குப் போய்க் குளிச்சிட்டு வாங்க."

காவி கிடைத்துவிட்டது என்றுதான் குத்தாலிங்கம் நினைத்தார். ஈர வேட்டியோடு திரும்பி வந்தவர், மடத்து வாசலில் அப்படியே நின்றுவிட்டார். நிலையில் ஒரு கொத்து வேப்பிலை பச்சையாகத் தொங்கியது.

"சாமி! உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லையே." குரல் உள்ளேயிருந்து வந்தது.

"பின்ன எதுக்கு வேப்பிலை?"

"நீங்க உள்ள வரலையே. அதுக்குத்தான்."

குத்தாலிங்கத்தின் கால் படி வரைக்கும் போய்ப் போய்த் திரும்பியது. நோய் இல்லை என்று தெரிந்தும் மிதிக்க முடியவில்லை. வெயில் ஏறியது. வேட்டி காய்ந்துபோனது.

"இத எப்பம் அவுப்பீங்க, சாமி?"

"நீங்க அங்க அவிழ்த்த பிறகு."

குத்தாலிங்கம் மெல்லக் கேட்டார்.

"நான் அவுத்துட்டா, அந்தம்மா என்னய மன்னிப்பாவளா?"

சாமியார் எழுந்து வாசலுக்கு வந்தார். வேப்பிலைக்கு அந்தப் பக்கம் நின்று குத்தாலிங்கத்தின் காலைப் பார்த்தார்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம். ஊர்ச் சனம் பஸ்ஸுக்கு நிக்கிற நேரமாப் பார்த்துப் போங்க. எல்லாரும் பார்க்க வேப்பிலைய அவிழ்த்துட்டு, உள்ள போய் உட்கார்ந்து, நர்சம்மாகிட்ட அந்தப் புண்ணைக் காட்டுங்க."