எட்டு வகுப்புக்கும் ஒரே பாடம்

அமெரிக்காவில் காரும் கரண்டும் வேண்டாமென்று குதிரை வண்டியோடு வாழும் ஆமிஷ் மக்களின் பள்ளிக்கூடம் அது. ஒரே அறை, எட்டு வகுப்பு, ஒரே டீச்சர் லொவீனா.

சோதனைக்கு வந்த அதிகாரி எகிறினார்: "எட்டு வகுப்புக்கும் ஒரே நேரத்தில் பாடம் நடத்து, பார்ப்போம்! ஒருத்தர் சும்மா இருந்தாலும் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவேன்!"

லொவீனா ஜன்னல் வழியே பார்த்தாள். அவருடைய கார் சேற்றில் பாதி புதைந்து நின்றது.

"பிள்ளைகளா, இன்றைய பாடம் ஐயாவின் கார்!"

அவ்வளவுதான், அறையே வெளியே பாய்ந்தது! சின்னப் பிள்ளைகள் பலகைகளை எண்ணி எண்ணிச் சக்கரத்தடியில் போட்டார்கள். நடு வகுப்புப் பிள்ளைகள் கயிற்றை அளந்து காரில் கட்டினார்கள். எத்தனை குதிரை வேண்டுமென்று பெரிய பிள்ளைகள் கணக்குப் போட்டு, தாங்கள் வந்த வண்டிக் குதிரைகளை அவிழ்த்து வந்து பூட்டினார்கள். ஹோய்! கார் துள்ளி மேலே வந்தது!

ஓரமாக நின்று வேடிக்கை பார்த்த அதிகாரி தன்னை மறந்து கைதட்டினார்.

"யாராவது சும்மா இருந்தார்களா, ஐயா?"

"ஒருத்தர்கூட இல்லை!"

"ஒருத்தர் இருந்தார்," என்றாள் லொவீனா. "ஆனால் அவர் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லை."