விடச் சொன்ன முள்ளம்பன்றி

காட்டோரத்தில் தும்பை என்றொரு முயல் இருந்தது. இலை விழுந்தால்கூட, யார் உதிர்த்தது என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கும்.

அந்தக் காட்டில் மனிதர்கள் கைவிட்டுப் போன விடுதி ஒன்று கிடந்தது. அதன் பின்னால் பேடல் என்ற மட்டைப்பந்து ஆட்டத்துக்கான மைதானம். நடுவே வலை, சுற்றிலும் கண்ணாடிச் சுவர், பக்கத்துக்கு இரண்டு பேர். தரையில் ஒருமுறை குத்திய பந்து பின்சுவரில் பட்டுத் திரும்பினாலும், மறுபடி தரையைத் தொடும் முன் அடிக்கலாம். விலங்குகள் அந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டன. கோடையில் மிஞ்சும் ஒரே குட்டையில் விடியற்காலையில் முதலில் நீர் குடிப்பது யார் என்பதை ஆண்டுதோறும் ஒரு பேடல் ஆட்டம்தான் முடிவு செய்தது.

மூன்று கோடையாகக் காட்டுப்பன்றிகளே வென்றன. அவை குடித்து, புரண்டு, எழுந்து போன பிறகு முயல்களுக்குச் சேறுதான் கிடைத்தது. போன கோடையில் அந்தச் சேற்றைக் குடித்துத் தும்பையின் இரண்டு தம்பிகளும் வயிற்றுநோயில் படுத்தன. ஒன்று எழவே இல்லை.

அதனால் இந்த முறை தும்பையும் அதன் சித்தப்பா மகள் கொழுஞ்சியும் பெயர் கொடுத்துவிட்டன. ஆட்டத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. முயல் குலத்தில் யாரும் மட்டையைத் தொட்டதில்லை. நல்ல பயிற்சியாளர் யார் என்று கேட்கக்கூட வீட்டில் ஆளில்லை.

கற்றுக்கொடுப்பவர்கள் என்று இருந்தது மந்தியும் முள்ளம்பன்றியும்தான். இரண்டு முயல்களும் காலையில் மந்தியிடம் போயின. அதனிடம் பன்னிரண்டு மாணவர்கள். ஒவ்வொருவரும் மந்திக்கென்று ஒரு கொத்து இலந்தைப்பழத்தோடு வரிசையில் நின்றார்கள். மந்தி போட்ட பந்தெல்லாம் தும்பையின் மட்டையைத் தேடி வந்தது.

"அடடா, நீ பிறவி ஆட்டக்காரிம்மா!" என்றது மந்தி.

தும்பைக்கு உள்ளம் குளிர்ந்தது. வீடு திரும்பும் வழியில் அதன் காது நிமிர்ந்தது. ஒரு பந்துகூடக் கண்ணாடியில் படவில்லையே?

மாலையில் முள்ளம்பன்றியிடம் போயின. அங்கே ஈ, காக்கை இல்லை. முள்ளம்பன்றி பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டது. தும்பை பாய்ந்து பாய்ந்து வீசியது. காற்றுதான் அடிபட்டது.

"விடு" என்றது முள்ளம்பன்றி.

"எதை, ஐயா?"

"பந்தை. தாண்டிப் போகட்டும். சுவர் திருப்பித் தரும்."

கொழுஞ்சி வழியெல்லாம் புலம்பியது. "கூட்டம் இருக்கிற கடையிலதான் பண்டம் நல்லாருக்கும், அக்கா. இவர்கிட்ட ஒருத்தரும் இல்ல. பந்தை வேற விடச் சொல்றாரு. பன்றிங்களுக்குக் கத்துக்கொடுத்ததே இவர்தானாம், தெரியுமா?"

தும்பைக்குச் சந்தேகம் வந்தது. பன்றிகளின் ஆள் என்றால், பந்தை விடச் சொல்வதில் என்ன அதிசயம்? ஆனால் மந்தியின் இனிப்புப் பேச்சும் மனதில் இறங்கவில்லை.

மறுநாள் தும்பை, மந்தியின் மாணவனான கீரியை இலந்தைப் புதரடியில் பிடித்தது.

"அண்ணா, எத்தனை வருஷமா மந்தி மாஸ்டர்கிட்ட இருக்கீங்க?"

"மூணு. இன்னும் கொஞ்சம்தான் பாக்கின்னு சொல்றாரு."

"சுவர்ல பட்டு வர்ற பந்தை அடிப்பீங்களா?"

"அது அடுத்த வருஷப் பாடம்" என்று சொல்லிவிட்டுக் கீரி பழம் பறிக்கப் போனது.

தும்பை நேரே முள்ளம்பன்றியிடம் போய் நின்றது. "உங்ககிட்ட ஏன் யாருமே இல்ல?"

"வந்தவங்க கத்துக்கிட்டாங்க. போயிட்டாங்க."

"பன்றிங்களுமா?"

"ஆமா. சந்தேகமா இருந்தா அவங்களையே போய்க் கேளு."

தும்பை முள்வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடி பன்றியைக் கேட்டது. பன்றி உறுமிச் சிரித்தது. "முள்ளனா? பதினஞ்சே நாள். பதினாறாம் நாள் 'இனிமே வராதே'ன்னு முள்ளை விரிச்சுத் துரத்திட்டான். முழுசாக் கத்துக்கொடுத்துட்டு ஒரு பழம்கூடக் கேக்காத கிறுக்கன்!"

எதிரி வாயிலிருந்தே வந்த சொல். தும்பை முள்ளம்பன்றியிடம் சேர்ந்தது. கொழுஞ்சியையும் இழுத்துக்கொண்டு போனது. பதினாறாம் நாள் இரண்டையும் முள்ளம்பன்றி துரத்திவிட்டது.

ஆட்ட நாள் வந்தது. கடைசிப் புள்ளி, அதை எடுப்பவருக்கே குட்டை. பெரிய பன்றி பந்தைத் தூக்கி அடித்தது. அது தும்பையின் தலையைத் தாண்டிப் போனது.

"அடி, அக்கா!" என்று கொழுஞ்சி தன்னை மறந்து கத்தியது.

பழைய சந்தேகம் ஒரு கணம் தலைகாட்டியது. முள்ளன் பன்றிகளின் ஆளாக இருந்தால்? தம்பியின் முகம் கண்முன் வந்தது. தும்பை மட்டையை அசைக்கவில்லை. பந்து தரையில் குத்தி, கண்ணாடியில் மோதி, வேகம் தணிந்து, அதன் முன்னால் வந்து நின்றது போலிருந்தது. தும்பை அதைப் பன்றியின் தலைக்கு மேலே மெல்லத் தூக்கிவிட்டது.

மூன்று கோடையாகச் சுலபமாக வென்ற பன்றி பாடத்தை மறந்திருந்தது. ஓடிப் போய் அவசரமாக வீசியது. காற்றுதான் அடிபட்டது.

மறுநாள் விடியலில் முயல் குட்டிகள் குட்டையில் தங்கள் முகம் தெரியத் தெரியக் குடித்தன. அன்று மாலை, மிஞ்சியிருந்த ஒரே தம்பியோடு தும்பை மைதானத்தைக் கடந்தபோது உள்ளே ஒரு குரல் கேட்டது.

"விடு."

"பந்தையா, ஐயா?" என்றது கீரி.

நல்ல ஆசிரியரைத் தேடுகிறவர் ஒருவரைச் சுற்றி நிற்கும் கூட்டத்தை எண்ணாமல், அவரிடம் கற்று முடித்துப் போனவர்களைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும்.