உடையப்பன் கையை விடவில்லை

புத்தி விற்கிற சந்தைக்கு ஒத்தைவேம்பூர்க்காரர்கள் போய்ச் சேர்ந்தபோது சந்தை கலைந்துவிட்டதாம். வெறுங்கையோடு திரும்பக் கூடாதே என்று அங்கே கிடந்த காலிச் சாக்குகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். அக்கம்பக்கத்தில் இப்படி ஒரு பேச்சு உண்டு. எல்லாம் பொறாமை என்பான் உடையப்பன். ஒத்தைவேம்பூரில் விவரமான ஆள் என்று பெயர் எடுத்தவன் அவன். அந்தப் பெயரைக் கொடுத்தது யார் என்று கேட்டால், அதுவும் அவன்தான்.

அப்பேர்ப்பட்ட உடையப்பனுக்கு ஒரு பெரிய துக்கம் வந்தது. பெண்டாட்டி சீனியம்மாள் கோபித்துக்கொண்டு பிறந்த ஊரான கரடிக்குளத்துக்குப் போய்விட்டாள்.

எல்லாம் பொங்கலுக்கு நடந்த கயிறு இழுக்கும் போட்டியால் வந்த வினை. ஒரு பக்கம் ஒத்தைவேம்பூர், மறுபக்கம் கரடிக்குளம். இன்னும் ஒரு சாண் இழுத்தால் ஒத்தைவேம்பூருக்கு வெற்றி. அந்த நேரம் பார்த்து, எதிர்ப்பக்கம் முதல் ஆளாக நின்ற சீனியம்மாளின் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, "மாப்ளே, கை எரியுது. கொஞ்சம் விடுங்களேன்" என்றான். பெண் கொடுத்த இடம். வாய்விட்டுக் கேட்ட பிறகு எப்படி மாட்டேன் என்பது? உடையப்பன் விட்டான். தான் மட்டும் விட்டால் மரியாதையாக இருக்காது என்று பின்னால் நின்ற பத்துப் பேரையும் விடச் சொன்னான்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து நீங்க ஒன்னுலயும் ஜெயிச்சு நான் பாத்ததில்ல," என்றாள் சீனியம்மாள். "ஒரு தடவை நீங்க ஜெயிக்கிறதை இந்தக் கண்ணால பாக்கணும். பாத்தன்னைக்கு நானே வந்து சேருவேன். அதுவரைக்கும் என்னைக் கூப்பிட வராதீங்க."

அவள் போன பிறகு வீடு வீடாக இல்லை. 'ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைக்கணும்' என்று அவள் சொன்னது மட்டும் உடையப்பனுக்கு நினைவிருந்தது. எவ்வளவு நேரம் குறைப்பது என்று அவள் சொல்லவில்லை. ஆகவே ஒரு கொதியில் அடுப்பையே அணைத்துவிட்டு அரிசியை நறுக் நறுக்கென்று கடித்துத் தின்றான். கண்ணில் தண்ணீர் வந்தது. பல் வலியா, பிரிவா என்று பிரித்துப் பார்க்க அவனால் முடியவில்லை.

இப்படி இருக்கையில்தான் டவுனுக்கு டிவிக்காரர்கள் வந்தார்கள். 'மல்லுக்கு நில்லு' என்று ஒரு நிகழ்ச்சி. அதில் டிவிக்காரர்களே தீனி போட்டு வளர்க்கிற பயில்வான்கள் இருப்பார்கள். ஆண் பயில்வானுக்குப் பெயர் பீமா, பெண் பயில்வானுக்குப் பெயர் புயல். சாதாரண சனங்கள் போய் அவர்களோடு மோத வேண்டும். மோதி எழுந்து நடந்தாலே ஊரில் மாலை போடுவார்கள்.

ஆள் தேடி வந்த மேனேஜர் சந்தை ரோட்டில் ஒரு காட்சியைக் கண்டு காரை நிறுத்தினார். உடையப்பன், காத்தமுத்து, வெள்ளைச்சாமி மூன்று பேரும் ஒரு முழு வளர்ந்த காளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். காளை அசைபோட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தபடி வந்தது.

"எதுக்கு மாட்டைத் தூக்கிட்டுப் போறீங்க?" என்றார் மேனேஜர்.

"டாக்டர் சொல்லியிருக்காருங்க," என்றான் காத்தமுத்து. "கன்னுக்குட்டியா இருக்கிறப்ப குளம்புல புண்ணு. 'நான் வந்து பாக்குற வரைக்கும் தரையில நடக்க விடாதீங்க'ன்னாரு."

"அப்புறம்?"

"அவரு மாத்தலாகிப் போயிட்டாரு."

"புண்ணு?"

"அது அந்த வாரமே ஆறிடுச்சுங்க. டாக்டர்தான் இன்னும் வரலை."

மேனேஜர் அந்த மூன்று ஜோடித் தோள்களையும் பார்த்தார். காளையைப் பார்த்தார். அங்கேயே போனை எடுத்துச் சென்னைக்குப் பேசினார். உடையப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டான். டிவி என்றால் கரடிக்குளத்திலும் தெரியும். சீனியம்மாள் இந்தக் கண்ணால் பார்க்கலாம்.

காளையை ஊரார் முறை போட்டுத் தூக்குவதென்று முடிவாகி, மூவரும் சென்னைக்குப் போனார்கள்.

போன இடத்தில் கோட்டை மாதிரி ஒரு செட்டுப் போட்டிருந்தார்கள். மூன்று சுற்று, ஆளுக்கு ஒன்று. அதில் இரண்டில் ஜெயித்தால் கோப்பை. முதல் சுற்றில் ஒரு மரப்பாலம். அகலம் ஒன்றரை அடிதான். கீழே பஞ்சு நிரப்பிய பள்ளம். பாலத்தின் நடுவே பீமா, ஆள் உயரத்துக்கு மெத்தை சுற்றிய ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவனைத் தாண்டி மறுகரைக்குப் போக வேண்டும்.

காத்தமுத்து ஏறினான். பீமா எதிரே வந்தான். காத்தமுத்து அவனை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாங்கண்ணே, நீங்க போங்க" என்று சொல்லிப் பக்கவாட்டில் ஒதுங்கினான். ஒதுங்க அங்கே என்ன இருக்கிறது? நேராகப் பஞ்சில் போய் விழுந்தான்.

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒத்தைவேம்பூரில் வரப்பு எல்லாம் ஒற்றையடி வரப்பு. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால், தலைச்சுமைக்காரனுக்கு வழி. வெறுங்கையோடு வருகிறவன் வயலில் இறங்கி நிற்க வேண்டும். பிறந்த குழந்தைகூட அந்த ஊரில் சுமையைக் கண்டால் ஒதுங்கும்.

"ஏன்டா ஒதுங்கினே?" என்றான் உடையப்பன்.

"அவரு கையில அத்தாம்பெரிய கம்பு இருக்கு. நான் வெறுங்கையா போறேன். நீயா இருந்தா என்ன பண்ணுவே?"

உடையப்பன் யோசித்தான். "ஒதுங்கத்தான் செய்வேன்," என்று ஒப்புக்கொண்டான்.

"அப்ப சுமை இருந்தா?" என்று வெள்ளைச்சாமி கேட்டான்.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இவ்வளவு பெரிய யோசனை தங்களுக்குள் இருந்ததா என்று அவர்களுக்கே பயமாக இருந்தது.

இரண்டாம் சுற்றும் அதே பாலம்தான். வெள்ளைச்சாமி ஏறினான், தோளில் காத்தமுத்துவைத் தூக்கிக்கொண்டு. நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கடிக்கக் கூடாது, கிள்ளக் கூடாது என்றெல்லாம் இருந்தது. சுமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சரி நடக்கட்டும் என்று கையைக் காட்டினார்.

"சுமை வருது, ஒதுங்கு, ஒதுங்கு," என்று வெள்ளைச்சாமி குரல் கொடுத்துக்கொண்டே நடந்தான். காத்தமுத்துவின் கனம், காளையின் கனத்தில் கால்வாசி இருக்குமா? ஆள் ஆடவில்லை, அசையவில்லை. பீமா கம்பை ஓங்கினான். ஓங்கினவன் என்ன நினைத்தானோ, சட்டென்று ஒதுங்கிப் பஞ்சில் விழுந்தான். வெள்ளைச்சாமி மறுகரை சேர்ந்து சுமையை இறக்கினான்.

"என்னய்யா பண்றே?" என்று டைரக்டர் பீமாவைப் பிடித்துக் கத்தினார்.

"நானும் வயக்காட்டுல வளந்தவன்தான் சார்," என்றான் பீமா பஞ்சுக்குள் இருந்து. "சுமைன்னு கேட்டதும் கால் தானா இறங்கிருச்சு."

இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு வெற்றி. இனிக் கடைசிச் சுற்று. அது உடையப்பனுடையது.

கடைசிச் சுற்றில் உயரத்தில் இரண்டு இரும்புக் கம்பிகள். ஒன்றில் உடையப்பன் தொங்க வேண்டும். அடுத்ததில் புயல் தொங்கிக்கொண்டே வந்து, அவனைக் காலால் வளைத்துக் கீழே இழுப்பாள். யார் முதலில் மெத்தையில் விழுகிறார்களோ அவர்கள் தோற்றார்கள். புயலிடம் தாக்குப்பிடித்தவர் அதுவரை யாரும் இல்லை. இதில் விழுந்தால் சீனியம்மாள் பார்க்கப்போவது இன்னொரு தோல்வி. அப்புறம் ஆயுசுக்கும் நறுக்கரிசிதான்.

உதவி டைரக்டர் என்று ஒரு ஒல்லியான தம்பி வந்து அவனை ஏணியில் ஏற்றிக் கம்பியைப் பிடிக்க வைத்தான். "அண்ணே, ஒரே விஷயம்தான். நான் வந்து சொல்ற வரைக்கும் கையை விட்றாதீங்க," என்று சொல்லிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போனான். போனவன் அப்படியே டீ குடிக்கப் போய்விட்டான்.

விசில் ஊதினார்கள். புயல் வந்தாள். அவன் இடுப்பைக் காலால் வளைத்து உலுக்கினாள். முருங்கை மரத்தை உலுக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தொங்கியபடியே உலுக்கினாள். உடையப்பன் கண்ணை மூடிக்கொண்டான். புயலுக்கு மூச்சு வாங்கியது.

"அண்ணே, எனக்கே பாவமா இருக்கு," என்றாள் புயல். "பேசாம கையை விட்றுங்களேன்."

உடையப்பன் கண்ணைத் திறந்தான். பொங்கலன்றைக்கு மச்சான் கேட்ட அதே கேள்வி. அண்ணே என்று கூப்பிட்டுவிட்டாள். உடன்பிறந்தாள் மாதிரி வாய்விட்டுக் கேட்கிறாள். விரல்கள் தாமாகவே தளர ஆரம்பித்தன. ஆனால் அந்த ஒல்லித் தம்பியும் அண்ணே என்றுதான் கூப்பிட்டான். அவன் முதலில் கேட்டவன். தர்மசங்கடத்தில் உடையப்பனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"கோவிச்சுக்காத தாயி," என்றான் கடைசியில். "உனக்கு முந்தி அந்தத் தம்பி சொல்லிட்டாரு. அவரு டீ குடிச்சிட்டு வரட்டும். வந்ததும் அவருக்காக ஒரு கையை விடுறேன், உனக்காக ஒரு கையை விடுறேன். ரெண்டு பேருக்கும் மனக்கஷ்டம் வேணாம்."

புயல் சிரித்தாள். ஒரு நாளும் சிரிக்காத முகம் அது. சிரிக்கக் கூடாது என்பது அவள் வேலை ஒப்பந்தம். வந்த சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, வயிறு குலுங்கியது, கை நழுவியது. தொப்பென்று மெத்தையில் விழுந்து அங்கேயும் உருண்டு உருண்டு சிரித்தாள்.

"வெற்றி உடையப்பனுக்கே," என்று அறிவித்தார் தொகுப்பாளர். கைதட்டல் கூரையைத் தூக்கியது. "இறங்கி வாங்க உடையப்பன்."

"அந்தத் தம்பி எங்கங்க?" என்றான் உடையப்பன் மேலே இருந்து.

எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். டைரக்டர் சொன்னார். நடுவர் சொன்னார். காத்தமுத்துவும் வெள்ளைச்சாமியும் மட்டும் சொல்லவில்லை. "சொன்ன ஆளு வரட்டுமுங்க," என்று கைகட்டி நின்றார்கள். போட வேண்டிய மாலையைக் கழுத்துக்கு எட்டாமல் காலில் மாட்டினார்கள். டீக்கடை டீக்கடையாகத் தேடி உதவி டைரக்டரைக் கூட்டிவந்து, அவன் "விடுங்கண்ணே" என்ற பிறகே உடையப்பன் இறங்கினான். அவன் இறங்கிய இந்தக் கடைசிப் பகுதிக்கு மட்டும் நிகழ்ச்சியில் நேரமில்லை என்று டிவிக்காரர்கள் வெட்டிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நிகழ்ச்சி ஒளிபரப்பானது. உடையப்பன் சலவைச் சட்டை போட்டு, கோப்பையைத் துண்டில் சுற்றிக்கொண்டு கரடிக்குளம் போனான். கூப்பிடத்தானே வரக் கூடாது என்றாள், வந்து நிற்கக் கூடாது என்று சொல்லவில்லையே. மாமனார் சிவனாண்டி வீட்டில் எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். புயல் அப்போதுதான் மெத்தையில் விழுந்தாள்.

"ஜெயிச்சிட்டாரு அப்பா, என் வீட்டுக்காரர் ஜெயிச்சிட்டாரு," என்று சீனியம்மாள் அழுதாள். வாசலில் நின்ற உடையப்பனுக்கும் அழுகை வந்தது. இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு சொல்லில் கரைந்து போயிற்று.

"சீனி, நான் வந்துட்டேன்," என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள். மறுபடி திரும்பினாள்.

"நீங்க வந்துட்டீங்கன்னா, அங்க தொங்குறது யாரு?"

உடையப்பன் டிவியை எட்டிப் பார்த்தான். சந்தேகமே இல்லை, அது உடையப்பன்தான். மாலை காலில் ஆடிக்கொண்டிருந்தது. 'மனுசன் இன்னும் கையை விடலைங்க' என்று தொகுப்பாளர் சிரித்துச் சொல்ல, அத்தோடு நிகழ்ச்சி முடிந்து ஊறுகாய் விளம்பரம் வந்தது.

"நான்தான் அது. இந்தா பாரு கோப்பை," என்று துண்டைப் பிரித்தான்.

சிவனாண்டி மோவாயைத் தடவினார். கரடிக்குளத்தில் அவர் ஒரு யோசனைக்காரர். "தம்பி, நிதானமா யோசிங்க. மாப்பிள்ளை இன்னும் இறங்கலை. அதை ஊர் உலகமே பாத்துச்சு. இறங்காத மனுசன் கோப்பையை எப்படி வாங்கியிருப்பாரு?"

உடையப்பன் நிதானமாக யோசித்தான். ஞாயமாகத்தான் பட்டது. தொங்குகிறவனுக்கு ஊர் உலகமே சாட்சி. தனக்கு ஒரு சாட்சியும் இல்லை.

"முகஜாடை அவரேதான்," என்றாள் சீனியம்மாள். "ஆனா அவரு ஜெயிச்சு நான் பாத்தேன். இவரு ஜெயிச்சு நான் எங்க பாத்தேன்?"

"அப்ப நான் யாரு மாமா?" என்றான் உடையப்பன், குரல் தழுதழுக்க.

"அதை அப்புறம் சாவகாசமா விசாரிச்சுக்கலாம். முதல்ல தொங்குற மனுசனை இறக்கணும். சொல்லாம விடமாட்டாருன்னு தெரியுது."

"விடவே மாட்டாரு," என்றான் உடையப்பன். "அவரு குணம் எனக்குத் தெரியும்." அந்த ஆள் அந்தரத்தில் தனியாகத் தொங்குவதை நினைக்க நினைக்க அவனுக்கு மனசு பதறியது. கையெல்லாம் எப்படி வலிக்கும் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்?

சீனியம்மாள் மூட்டையைக் கட்டினாள். சொன்ன சொல் மாறாதவள். ஜெயித்த புருசனிடம் போய்ச் சேர வேண்டும். பெண்பிள்ளையைத் தனியே அனுப்பலாமா என்று சிவனாண்டி உடையப்பனையே துணைக்கு அனுப்பினார். அவனுக்குத்தானே இடம் தெரியும்.

சென்னை பஸ்ஸில் கூட்டமே இல்லை. சீனியம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். உடையப்பன் மூட்டையை மேலே வைத்துவிட்டு, பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மதுரை வந்தது, திருச்சி வந்தது, அவன் உட்காரவே இல்லை. அவளுக்குப் பாவமாகப் போய்விட்டது.

"அண்ணே, இங்கதான் எடம் கெடக்கே. உக்காருங்களேன்," என்றாள்.

"வேணாம்மா," என்றான் உடையப்பன், பயபக்தியோடு. "உன் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாரு."